பச்சைக் குறி சொன்ன பொய்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! அவர் அருகே அமர்ந்து, நான் தொடங்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கும் பெரியோர்களே! பிள்ளைகள் கணினியில் என்னதான் செய்கிறார்கள் என்று இன்றாவது தெரிந்துகொள்ள வந்த தாய்மார்களே! செல்பேசிக்குச் செயலி செய்யும் சீரிய தோழர்களே! பணிவான வணக்கம்.

மென்பொருள் சட்டகம் என்றால் என்ன? செயலி செய்வோர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து மாரடிக்காமல் இருக்க, பொதுவான வேலையை ஒருவன் முன்பே எழுதி வைக்கிறான். அது அஸ்திவாரம். அந்த ஒருவன் அடியேன். என் அஸ்திவாரத்தின்மேல் நாற்பது செயலிகள் நிற்கின்றன. கைதட்டாதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

சிக்னல் வரும், போகும், வருவதுபோல் வந்து வராமலும் போகும். அந்நேரம் திரை என்ன காட்ட வேண்டும்? "காத்திருங்கள்" என்றா? யாருக்கு ஐயா பொறுமை? ஆகவே விதி வகுத்தேன்: பொத்தானைத் தொட்டதும் பச்சைக் குறி, "அனுப்பப்பட்டது". அனுப்புவதைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். சோதித்தோம். சோதித்த மேசைக்கு நேர் மேலே வைஃபை பெட்டி. ஒருமுறைகூடத் தவறவில்லை.

இந்த விதியை எங்கே கற்றேன்? என் வீட்டில்தான். "எங்கடா இருக்கே?" என்று அக்காள் போனில் கேட்பாள். தலை நிறையச் சோப்பு நுரையோடு, "வந்துட்டே இருக்கேன்க்கா" என்பேன். பின்வரிசையில் சிரிக்கும் ஐயா, தாங்களும் நம்ம கட்சியா? மகிழ்ச்சி.

அக்காள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் நிறுவனத்துச் செயலியும் என் சட்டகத்தில் கட்டியது. சென்ற மாதம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். சுற்றிலும் கான்கிரீட். "குழியில இருக்கேன், ஓட்டாதே" என்று மோட்டார் அறையிலிருந்த கூட்டாளிக்குச் செய்தி அனுப்பினார். பச்சை வந்தது. செய்தி போகவில்லை. கூட்டாளி லிஃப்டைக் கீழே இறக்கப் பொத்தானை அமுக்கினார்.

லிஃப்ட் அசையவில்லை. குழிச் சுவரிலிருந்த, லிஃப்டை ஓடவிடாமல் நிறுத்தும் சிவப்பு சுவிட்சை மாமா கையால் அணைத்து வைத்திருந்தார். பச்சை வந்தால் போதும் என்று மற்ற மெக்கானிக்குகள் அந்த சுவிட்சை மறந்து ஆறு மாதமாயிற்று.

விஷயம் கேட்டு ஓடினேன். "மாமா, பச்சை வந்தப்புறமும் எதுக்கு சுவிட்சைத் தொட்டீங்க?"

கை கிரீஸைத் துடைத்தபடி சொன்னார்: "மாப்ள, இதை எழுதுனது நீதான்னு உங்கக்கா சொன்னா. நீ 'வந்துட்டே இருக்கேன்'னு சொன்னப்புறம்தான் அவ குளிக்கவே போவா."

அவர் சிரித்தார். என்னை அறிந்ததால் ஒருவர் பிழைத்தார். அறியாதவர்கள்? பச்சையை நம்பும் செவிலியர், பச்சையை நம்பும் தீயணைப்பு வீரர், பச்சையை நம்பும் பெற்றோர், அவர்களையெல்லாம் எச்சரிக்க என் அக்காளா கூடவே போவாள்?

இன்று வெளியாகும் புதிய சட்டகம், மறுமுனை "கிடைத்தது" என்று சொல்லாமல் பச்சை காட்டாது. அதுவரை சாம்பல் நிறத்தில் "இன்னும் போகவில்லை". "பார்க்க நல்லாவா இருக்கு?" என்றார் மேலாளர். இல்லை என்றேன். உண்மைக்கு அழகு குறைவுதான், தோழர்களே! ஆனால் உண்மையின்மேல் ஆள் நிற்கலாம். அதன் அடியில் குழியிலும் நிற்கலாம்!

இன்று மாலை தலைவர் போனில் அழைத்து, "கிளம்பியாச்சா?" என்றார். "இன்னும் கிளம்பலைங்க ஐயா" என்றேன். அதனால்தான் அவர் தலைமையுரையை நாற்பது நிமிடம் நீட்டினார். பாதிக்கப்பட்ட அனைவரும் என்னைப் பொறுத்தருள்க.

இதோ, நன்றி சொல்கிறேன். வந்து சேர்ந்ததா? யாராவது கையைத் தூக்கினால்தான் நான் இறங்க முடியும்.

மூன்றாம் வரிசையில் மாமா தூக்கிவிட்டார். வணக்கம்.