கைமாறாத தூண்டில்

பாரை மீனைப் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சாப்பிடுவதில்லை, சார். அது இழுக்கிற இழுப்புக்காகத்தான் கடலுக்குப் போகிறார்கள். கை மரத்து, இடுப்பு விட்டுப்போய், கடைசியில் மீனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் பெரிய ஆசை கிடையாது. என் அக்காவின் கணவருக்குத்தான் பைத்தியம். நான் பை தூக்கப் போகிறவன்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. மீன் மாட்டிய பிறகு வேறு ஆள் தூண்டிலில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அது அவர் பிடித்த மீனே இல்லை. ஒருமுறை அத்தான் தடுமாறினார். பதறிப்போய் நான் தூண்டில் கம்பைப் பிடித்துவிட்டேன். அதன் பிறகு வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "உன் தம்பிய அந்தத் தண்ணிய நகத்தச் சொல்லு" என்று அக்காவிடம்தான் சொல்வார்.

அப்புறம் அவருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கனமாக எதையும் இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடலுக்குப் போக முடியாத கோபமெல்லாம் அக்கா தலையில் விடிந்தது. மாத்திரை கசக்கிறது என்று டம்ளரை வீசுவார். கூப்பிட்டதும் வராவிட்டால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். அக்கா அடுப்படியில் நின்றபடியே கண் அசருவாள். பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை, நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

"சும்மா கடல் காத்து வாங்கிட்டு வரலாம், அத்தான்" என்றேன். குழந்தை மாதிரி கிளம்பிவிட்டார். அக்கா வாசல் வரை வந்து, "அவரப் பாத்துக்கடா" என்றாள். சரி என்றேன்.

படகில் தூண்டிலைத் தயார் செய்தது நான்தான். நைலான் நரம்பு சுற்றியிருக்கும் ரீலில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி வைத்தால் மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும். இறுக்கினால் மனிதன்தான் இழுபடுவான். நான் இறுக்கினேன். கை நழுவிக் கம்பு கடலில் போய்விடக் கூடாதல்லவா, அவர் இடுப்புப் பட்டையில் அதைக் கொக்கி போட்டும் மாட்டிவிட்டேன்.

பாரை மாட்டியதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நோயில் விழுந்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்தது. படகுக்காரர் சுக்கானை விட்டு எழுந்தார். "நரம்ப அறுத்துடவா தம்பி? ஆளே சரியில்ல."

"தொட்டா கோவிச்சுக்குவாருண்ணே. உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அப்போது அத்தானே திரும்பினார். "மச்சான், முடியலடா. நீ பிடி."

அந்தச் சட்டத்தை அவரே விட்டுக்கொடுத்து அன்றுதான் பார்த்தேன். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "உங்க மீன் அத்தான். இன்னும் கொஞ்சந்தான், விட்டுடாதீங்க."

கொக்கியைக் கழற்றப் பார்த்தார், விரல் ஒத்துழைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழங்கால் மடங்கிச் சரிந்தார். படகுக்காரர்தான் பாய்ந்து நரம்பை அறுத்தார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. கரைக்கு வரும்வரை அதை நான் எடுக்கவில்லை.

கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம், கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்கா ஓய்ந்து உட்கார வேண்டும் என்றுதான் செய்தேன்.

நடந்ததைப் படகுக்காரர் அவளிடம் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். புகார் கொடுத்ததே அவள்தான், இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்கிறீர்கள். அவள் மிகவும் களைத்துப் போயிருக்கிறாள், சார். நாலு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால், எனக்கு நன்றி சொல்ல அவளே வருவாள்.