முதலாளி உக்காருற பக்கம்

ஜியாவுல்லா: ரெண்டு டயர் போதும் சரசம்மா. புதுசு ரெண்டையும் பின்னாடி போட்டுட்டு, பின்னாடி இருக்கிற பழச முன்னாடி மாத்திடுறேன். அண்ணன் இருந்தப்ப அப்படித்தானே செய்வோம்?

சரசு: ஏன் பாய் அப்படி?

ஜியாவுல்லா: ஏன்னா... முதலாளி பின்னாடி உக்காருவாரு, டிரைவர் முன்னாடி. நல்லது முதலாளி பக்கம் போவணும் இல்ல? நம்ம ஊரு அம்பாசடர் எல்லாம் அப்படித்தான் ஓடுது.

சரசு: என் வீட்டுக்காரரு போயி வருசம் திரும்பிடுச்சு. பின்சீட்டு காலியாத்தான் கிடக்கு. நாலும் புதுசா போடுங்க.

ஜியாவுல்லா: நாலு... ஸ்டாக்கு இல்லையேம்மா.

சரசு: அதோ, பரண்ல காகிதம் சுத்தி நாலு இருக்கே.

ஜியாவுல்லா: அது கீழ்பென்னாத்தூர் ஆளு ஒருத்தரு சொல்லி வச்சது.

ரஹமத்துன்னிசா: எந்த ஆளுங்க? மெட்ராஸ்ல இருந்து வந்து இறங்குனப்ப, இத இந்த ஊர்ல எவன் வாங்கப் போறான்னு தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்தீங்க. இந்தாங்கக்கா, டீ.

ஜியாவுல்லா: ரஹமத்து, பொண்டாட்டி வாய் கடையில வேணாம். டீய வச்சிட்டு வீட்டுக்குள்ள போ.

ரஹமத்துன்னிசா: சூடா இருக்கு. ஆறட்டும். அதுவரைக்கும் நானும் இங்கயே ஆறிக்கிறேன்.

சரசு: அது என்ன டயர் பாய்?

ஜியாவுல்லா: ரேடியல்னு புதுசா வருது... அது வேணாம்மா. இதப் பாருங்க, பட்டன் பட்டனா இருக்கு. மண் ரோட்ல நல்லா பிடிக்கும்.

சரசு: தார் ரோட்ல?

ஜியாவுல்லா: கொஞ்சம் ஊளையிடும். இல்ல, இந்த நீளக் கோடு போட்டது எடுத்துக்குங்க. ஸ்டியரிங் சொன்னத கேக்கும்.

சரசு: மழையில?

ஜியாவுல்லா: மழையில... சுமாரு.

சரசு: ரேடியல்?

ஜியாவுல்லா: மழையில அது உடும்புதான். ரோட்ட விடாது. ஆனா நின்ன எடத்துல திருப்பறதுக்கு பலம் ஜாஸ்தி வேணும். கை வலிக்கும்.

சரசு: யாரு கை?

ஜியாவுல்லா: டிரைவரு கைதான்.

சரசு: இந்த டிரைவருக்கு வலிக்காது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஆட்டுக்கல்லு சுத்துன கை.

ஜியாவுல்லா: இன்னாம்மா?

சரசு: ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க.

ஜியாவுல்லா: காசி பெங்களூருக்கு போயிட்டானே. புது டிரைவர் யாரு? அவர வரச் சொல்லுங்க. வண்டி கையில எப்படி இருக்குன்னு ஓட்டுறவன் சொன்னாத்தான் நான் டயர் சொல்ல முடியும்.

சரசு: கையில மிதக்குது. ரெண்டு விரக்கடை திருப்புனப்புறம்தான் வண்டி யோசிக்கவே ஆரம்பிக்குது. பிரேக்க மிதிச்சா இடது பக்கம் இழுக்குது. ஈரத்துல...

ரஹமத்துன்னிசா: ஈரத்துல பின்பக்கம் தனியா நடக்குது.

ஜியாவுல்லா: நீ சும்மா இரு. சரசம்மா... பின்சீட்ல உக்காந்து வர்றவங்களுக்கு இதெல்லாம் தெரியாதே.

சரசு: தெரியாதுதான்.

ஜியாவுல்லா: அப்போ...

சரசு: முதலாளி இப்ப முன்னாடி உக்காருறா பாய்.

ரஹமத்துன்னிசா: வாய மூடுங்க, ஈ போயிடும்.

ஜியாவுல்லா: யாரும்மா கத்துக் குடுத்தது?

சரசு: காசிதான், பெங்களூருக்குப் போறதுக்கு முன்னாடி. லைசென்சும் எடுத்தாச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது.

ஜியாவுல்லா: எதுக்கும்மா இந்த வயசுல?

சரசு: வீட்ல எந்த மூலையில உக்காந்தாலும் யாராவது கூப்பிடுவாங்க பாய். அது எங்க சரசு, இது எங்க சரசுன்னு. ஸ்டியரிங்க பிடிச்ச அன்னைக்கு ஒருத்தரும் கூப்பிடல. எனக்கு என்ன வேணும்னு எனக்கே அப்பதான் காதுல விழுந்துச்சு. அந்த வண்டிய விக்க மாட்டேன்.

ஜியாவுல்லா: விக்கிறதப் பத்தி நான் பேசவே இல்லையே.

சரசு: நீங்க பேசல. என் கொழுந்தன் வேணு பேசினாரு. இதே கடையில. அண்ணி வந்தா டயர் இல்லன்னு சொல்லிடு, ஞாயித்துக்கிழம நான் வண்டி வாங்குற ஆள கூட்டிட்டு வர்ற வரைக்கும் வண்டி நகரக்கூடாதுன்னு.

ஜியாவுல்லா: ...உங்களுக்கு யாரு சொன்னது?

ரஹமத்துன்னிசா: டீ ஆறிடுச்சு பாருங்க.

ஜியாவுல்லா: ரஹமத்து.

ரஹமத்துன்னிசா: கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு துணித் திரைதானே போட்டு வச்சிருக்கீங்க. சுவரா எழுப்பியிருக்கீங்க?

ஜியாவுல்லா: என் நெலமைய பாருங்கம்மா. வேணு சார் லாரி எல்லாம் நம்ம கடைக்குத்தான் வருது. நாளைக்கு அவரு வராம நிறுத்திட்டா நான் கடைய மூடிட்டு போவணும். சரின்னு சொல்லிட்டேன்.

சரசு: அவர்கிட்ட சரின்னு சொன்னீங்க, சரி. எங்கிட்ட முடியாதுன்னு சொல்லுங்க. ஸ்டாக்கு இல்லன்னு சொல்லாதீங்க.

ஜியாவுல்லா: வேலூர்ல போயி போட்டுக்குங்களேன்.

சரசு: இந்த டயர்லயா வேலூர் போறது? வண்டி நகராம நின்னா, ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதுக்குன்னு நாலு பேர வச்சு பேசி முடிச்சிடுவாரு. அதுக்கு முன்னாடி நானே ஓட்டிக்கிட்டு போயி அவரு வாசல்ல நிறுத்தணும். சாவிய என் கையில வச்சிக்கிட்டு சொல்லணும், விக்கலன்னு.

ஜியாவுல்லா: ஊரு பேசும்.

சரசு: பேசட்டும். கண்ணாடிய ஏத்திக்கிறேன்.

ஜியாவுல்லா: அது இல்லம்மா... ஏற்கெனவே இந்த டயர்லயே வெளிய போனீங்களா? மொட்டத் தல மாதிரி இருக்கே, ஒரு கோடு கூட இல்ல.

சரசு: விடியக்காலையில மலையச் சுத்தி ஒரு ரவுண்டு. பௌர்ணமி இல்லாத நாள்ல ஒரு ஈ காக்கா இருக்காது.

ஜியாவுல்லா: நேத்து காலையிலயுமா? பேய் மழையாச்சே.

சரசு: நேத்தும்தான். அடி அண்ணாமலை வளைவுல வண்டி அப்படியே அரை வட்டம் போட்டு நின்னுச்சு.

ஜியாவுல்லா: யா அல்லா. தனியாவா?

சரசு: தனியா இல்ல.

ஜியாவுல்லா: யாரு கூட? யாரு வீட்டுப் பொம்பளயையோ இப்படி ஏத்திக்கிட்டு போயி... அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா? அவ புருசனுக்கு தெரியுமா இதெல்லாம்?

ரஹமத்துன்னிசா: தெரியாது.

ஜியாவுல்லா: உனக்கெப்படி தெரியும்?

ரஹமத்துன்னிசா: அந்தாளு காலையில பள்ளிவாசல்ல தொழுதுட்டு, கடைத்தெருவுல உக்காந்து கதை பேசிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அதுக்குள்ள மலையச் சுத்திட்டு வந்து நான் அடுப்பு பத்த வச்சிடுவேன். நேத்து அந்த வளைவுல அக்கா பக்கத்து சீட்லதாங்க இருந்தாங்க, ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. நாளைக்கும் போவேன். ஏணிய நான் பிடிச்சிக்கிறேன், ஏறி அந்த நாலையும் இறக்குங்க.