மாதிரி நடைபாதை

ஆடிக் கிருத்திகை வாரத்தில் எனக்குப் பசியே எடுக்காது, இன்ஸ்பெக்டர் சார். வாரம் முழுக்க மோரிலேயே ஓடிவிடும். நகரி, புத்தூர் பக்கமிருந்தும் அரக்கோணம் ரயிலிலிருந்தும் காவடிக் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தனை பேருக்கும் குடிதண்ணீர், கழிப்பறை, நடக்கப் பாதை எல்லாம் உதவிப் பொறியாளரான என் தலையில். சுந்தரமூர்த்தி கையில் வேலை கொடுத்தால் தப்பு நடக்காது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இந்த வருடம்தான் இப்படி ஆகிவிட்டது.

டேவிட்சனை எனக்குப் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கனகம்மாசத்திரம் பக்கத்து ஆள். இங்கே இடிக்கிற பழைய வீடு, லாட்ஜ், சத்திரம் எல்லாவற்றின் இடிபாடும் டிராக்டரில் போய் அவர்கள் ஊர் ஏரியில்தான் விழுந்தது. ஏரி மேடாகிப் போய், அவன் அப்பா தானியேலின் நிலத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் சாலை மறியல் செய்திருப்பான். இவன் அரக்கோணம் சாலையில் ஒரு கொட்டகை போட்டு, இடிபாட்டை வாங்கி அரைத்து, நடைபாதைக் கல் வார்க்க ஆரம்பித்தான். கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கல்.

அவனிடம் நான் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. கட்டிடக் கழிவை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று மேலே விதி போட்டுவிட்டார்கள், வாஸ்தவம். ஆனால் எங்கள் விலைப்பட்டியலில் அப்படி ஒரு கல்லே கிடையாது. பட்டியலில் இல்லாததை டெண்டரில் போட முடியாது. போட்டாலும், ஏற்கனவே ஏதாவதொரு அரசு வேலையில் அந்தக் கல்லைப் பதித்தவர்தான் டெண்டரில் கலந்துகொள்ளலாம்.

"மொதல்ல யாராவது குடுத்தாதானே சார் பதிக்க முடியும்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற இடத்தில் நான் இல்லை. தரச்சான்று கேட்டேன், கொண்டுவந்தான். அந்த ஆய்வுக்கூடத்துக்கு அங்கீகாரம் இல்லை என்றேன், அங்கீகாரம் உள்ள இடத்துக்குப் போய் வந்தான். கொட்டகைக்குத் தடையில்லாச் சான்று கேட்டேன். அது கிடைப்பதற்குள் தரச்சான்று காலாவதியாகிவிட்டது. இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. இடிபாடு அதுபாட்டுக்கு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் இருந்த சந்திரமோகன் சார் ஒரு தெருவுக்குப் புது முறையில் சாலை போட்டார். சாலை இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டியலில் இல்லாத வேலை என்று தணிக்கையில் பிடித்து, ஓய்வு பெறுகிற அன்றைக்கு அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். பிரிவுபசார விழாவுக்கு வாங்கிய மாலை மேஜை மேலேயே வாடிக் கிடந்தது. எதையும் முதல் ஆளாகச் செய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கும் பயம் உண்டு, மனிதன்தானே.

ஆனி மாதம் பிரபாவதி மேடம் மேலதிகாரியாக வந்தார். டேவிட்சன் நேரே அவரைப் போய்ப் பார்த்துவிட்டான். கோயில் குளத்துக்கு இறங்குகிற சரிவில், தடுப்புச் சுவரை ஒட்டி, மாதிரிக்கு ஒரு துண்டுப் பாதை பதிக்கச் சொன்னார். கிருத்திகைக் கூட்டத்தை அது தாங்கிவிட்டால் ஊர் முழுக்க அதே கல், இடிபாடு ஒரு சட்டிகூட ஏரிக்குப் போகாது. வெளியே வந்ததும் டேவிட்சன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு வேறொன்று தோன்றியது. கல் தாங்கிவிட்டால், இதை இரண்டு வருடம் ஏன் நிறுத்தி வைத்தாய் என்று யாராவது கேட்பார்கள். சந்திரமோகன் சார் கதிதான் எனக்கும்.

ஆகவே கல் தாங்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று பட்டது. அந்தப் பாதைக்கு அடியில் குடிநீர்க் குழாய் ஓடுகிறது. பக்கத்து வால்வுத் தொட்டியில் இறங்கினால் குழாய் இணைப்பு கைக்கு எட்டும். கல் பதித்து முடித்த மறுநாள் மத்தியானம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தபோது, நானே இறங்கி போல்ட்டுகளைத் தளர்த்தினேன். ஸ்பானர் அலுவலகத்துடையது அல்ல, என் சொந்தம். தண்ணீர் சன்னமாகக் கசிந்து அடி மணலை அரிக்கும், கல் ஒரு சாண் இறங்கும், பாருங்கள் தாங்கவில்லை என்று காட்டிவிடலாம். யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிருத்திகையன்று காலையில் போய்ப் பார்த்தேன். கல் இறங்கவே இல்லை. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு மேலே அப்படியே நின்றது. அடியில் மட்டும் மணல் போய்க்கொண்டிருந்தது. தடுப்புச் சுவரின் ஓட்டைகளில் சேறு வழிந்தது, சுவரும் லேசாகத் தள்ளியிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டச் சொல்லியிருக்கலாம். கட்டினால் கூட்டம் வேறு வழியாகப் போய்விடும், கல் தாங்கியதாகவே ஆகிவிடும்.

அந்த நேரத்தில்தான் டேவிட்சன் ஓடி வந்தான்.

"சார், கால வச்சா பொந்து மாதிரி சத்தம் கேக்குது. செவுத்துல சேறு வந்துகினே இருக்குது. ஜனத்த நிறுத்திடுங்க சார்."

"நிறுத்தினா ஒங்க கல்லு தாங்கலன்னு ஆயிடுமே" என்று, நினைத்ததற்கு நேர்மாறாகச் சொன்னேன்.

"ஆங், ஆயிட்டுப் போவுது. பெயிலுன்னே போட்டுக்கோங்க. ஜனம் வருது சார்."

அவன் சொன்னது முழுக்கச் சரி. அரோகரா சத்தம் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாய்ச்சொல்லை வைத்து பெயில் போட முடியாதே. நான் பதறாமல் சொன்னேன்.

"எழுதிக் குடுங்க. பாக்கறேன்."

இரண்டு வருடமாக அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன், பழக்கம் லேசில் விடுமா? என் டிரைவரிடம் ஒரு தாள் வாங்கி, ஜீப்பின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தான். அவனே குறுக்கே போய் நின்று கத்தியிருந்தால் ஜனம் நின்றிருக்கும். ஆனால் நிறுத்துகிற அதிகாரம் என்னிடம் இருந்தது, அது அவனுக்குத் தெரியும்.

பூக்காவடிகள் சரிவில் இறங்கின. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிற யோகலட்சுமியும் அவள் அப்பாவும் சுவரை ஒட்டி ஓரமாக வந்தார்கள். பாதை மொத்தமாக உள்ளே போயிற்று, சுவர் வெளியே சாய்ந்தது. "நைனா, கைய புடி" என்று அந்தப் பெண் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அவர் பிடித்தார் என்றுதான் நினைக்கிறேன். இருவர் உடலையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே கல் தரமற்றது என்று அறிக்கை கொடுத்தேன். டேவிட்சனை நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்கள். இப்போது குழாயைத் தோண்டி போல்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள். விழுந்த கற்களில் ஒன்றுகூட உடையவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். முறையான சோதனை இல்லாமல் நான் கருத்துச் சொல்வதில்லை.

போல்ட்டைத் தளர்த்தியது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் தெரிந்தே கூட்டத்தை நிறுத்தவில்லை என்றும் என் மேல் எழுதுகிறீர்களே, அதுதான் சரியில்லை. பாதை உள்வாங்கியபோது அவன் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்தான். அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு, பொருள் என்ற இடத்துக்கு வந்திருந்தான். கையெழுத்துப் போடாத மனு மேல் நான் எப்படி நடவடிக்கை எடுப்பேன்?