துரியோதனன் தொடைக்கு ஒரு சென்சார்

— அது வேணாம் சங்கரி. திருப்பதில அம்பது லாட்ஜுல நானே மாட்டியிருக்கறேன். மொட்ட அடிச்சி சந்தனம் பூசிக்கினு வந்து கைய நீட்டுவாங்க, கொழாய்ல ஒரு சொட்டு வராது. பல்லி ஓடினா மட்டும் கொடகொடனு கொட்டும். அந்தக் கருமத்த கொண்ணாந்து மண்ணு துரியோதனன் தொடையில வைக்கணுமா?

— ரமணா, அது கொழாய் சென்சார், இது வேற. இது உடம்புச் சூட்டப் பாக்கும். எங்க நைனா பீமன் வேஷத்துல தொடைகிட்ட வந்ததும் இதுவே வால்வத் தொறந்துடும், குங்குமத் தண்ணி ரத்தமாட்டம் பீச்சி அடிக்கும். லாஜிக் சிம்பிள்.

— ஞாயித்துக்கெழம துரியோதனன் சாவற படுகளத்துக்கு மூவாயிரம் பேர் வருவாங்க. அத்தினி பேருக்கும் சூடு கீது. கற்பூரத் தட்டு வேற. பொன்னியம்மா வீட்டு ஆடு நாலு எப்பவும் இங்கதான் மேயுது. பீமன் வரதுக்குள்ள ஆட்டப் பாத்தே துரியோதனன் செத்துருவான்.

— சிரிக்காத. சரி, அது கேன்சல். இதப் பாரு, அதிர்வு சென்சார். தொடை மண்ணுக்குள்ள பொதைச்சிடலாம். கதாயுதம் பட்ட ஒடனே ரத்தம்.

— படறதுக்கு முந்தி வரதராஜன் துரியோதனன் வேஷத்துல இந்த முப்பது அடி மண்ணு பொம்ம மேல ஏறி, தலைக்கும் காலுக்கும் ஓடுவானே, அத மறந்துட்டியா? தொண்ணூறு கிலோ. ஒரு மிதி மிதிச்சா ரத்தம் வந்துரும். தன் தொடைய தானே மிதிச்சி சாவான்.

— நைனாவும் தொரத்திக்கினு ஓடுவாரே.

— உங்க நைனா ஓடி மூணு வருஷம் ஆவுது. நீ சிங்கப்பூர்ல இருந்து திருவிழாவுக்கு ரெண்டு நாளு வர. உனக்கு எங்க தெரியும்?

— தெரியும். முட்டி ஆபரேஷன். அதான் கிருஷ்ணன் வேஷம் கட்டறவன் கையப் புடிச்சி அழைச்சிக்கினு வரான். பாக்கவே எவ்ளோ அழகா இருந்துது தெரியுமா, சாமியே பீமன அழைச்சிக்கினு வர மாதிரி.

— சரி சரி. அழகுதான்.

— அப்போ மணிக்கட்டுல பேண்டு கட்டிடலாம். கைவீச்ச அதுவே அளக்கும். சிங்கப்பூர்ல ஒரு கார் கம்பெனி ஷோவுக்கு இததான் கட்டினோம். ஆடற பொண்ணு கைய வீசினா, பின்னாடி திரை முழுக்க மழை கொட்டும்.

— அந்தப் பொண்ணு காப்பு கட்டியிருந்தாளா?

— இன்னாது?

— உங்க நைனா பதினெட்டு நாள் காப்பு கட்டிக்கினு கீறாரு. மஞ்சக் கயிறு கட்டின கையில வாட்ச்சு கூட கட்ட மாட்டாரு. நீ பேட்டரி கட்டப் போறியா? போ, போயி பூசாரி வெங்கடசாமி கிட்ட கேளு. கேட்டுட்டு உயிரோட வந்தா மேல பேசலாம்.

— ஒன்னொன்னுத்துக்கும் ஒரு நொட்ட சொல்ற. ஏன்னு எனக்குத் தெரியாதா?

— ஏன்? நீயே சொல்லு.

— சென்சார் வந்துட்டா உனக்குக் குழியில வேலை இல்ல. உங்க நைனா காலத்துல இருந்து இந்தத் தொடைக்குள்ள படுத்துக்கினு ரத்தம் விடறது உங்க வீட்டு உரிம. அது போயிடும்னு வயித்தெரிச்சல்.

— போவட்டுமே! உள்ள எப்பிடி வேவும்னு தெரியுமா? செவ்வெறும்பு. ஒரு வருஷம் தேளு. மேல வரதராஜன் குதிச்சா வாயெல்லாம் மண்ணு. இதுக்கு யாராவது வயிறு எரிவானா?

— அப்பறம் ஏன் குறுக்க நிக்கற? போன வருஷம் நடந்தத மறந்துட்டியா? நான் மறக்கல. நைனா கதாயுதத்த ஓங்கிக்கினு நின்னாரு. ஒரு நிமிஷம் இல்ல ரமணா, மூணு நிமிஷம். ரத்தம் வரல, அவரும் அடிக்கல. எவனோ ஒருத்தன் “பீமனுக்குக் கரண்டு போச்சுடா”னு கத்தினான். ஊரே சிரிச்சிது. ரெண்டு நாள் ஒரு பருக்க துன்னல அவரு. நீ உள்ள குறட்ட விட்டுக்கினு இருந்த.

— ஆமா. தூங்கிட்டேன்.

— வெக்கமே இல்லாம சொல்றியே!

— பஞ்சாயத்துல கேட்டப்பவும் அதான சொன்னேன்.

— இது அவரோட கடைசி பீமன். அடுத்த வருஷத்துல இருந்து நாகையா கட்டப் போறான். அந்தச் சிரிப்போட அவரு முடிச்சிக்கக் கூடாது. எனக்கு அவ்ளோதான் வேணும். உனக்கு அது புரியலியா?

— புரியுது. எனக்கும் அதான் வேணும். ஒன்னு செய்யி. சென்சார் எது வேணா வச்சிக்க, அந்த எட்டு ஸ்பீக்கர் மட்டும் வேணாம்னு சொல்லிடு.

— ஸ்பீக்கரா? போன வருஷம் உருப்படியா இருந்ததே அது ஒன்னுதான்! நான் வாங்கிக் குடுத்தது. மேளம் பலமனேர் ரோடு வரைக்கும் கேட்டுச்சாம்.

— கேட்டுது, கேட்டுது. வேற ஒன்னும் கேக்கல.

— உனக்கு நான் எது செஞ்சாலும் புடிக்கல. விடு, நேத்தே முடிவு பண்ணிட்டேன். கேமரா சென்சார். ஆள் நிக்கறது, கை தூக்கறது, எறக்கறது எல்லாம் அதுவே பாத்துக்கும். கை எறங்கினா ரத்தம்.

— கிரீடமும் புஜக்கட்டும் கட்டினா மிஷினு அவர மரம்னு நெனைக்காதா?

— நேத்து நைனாவுக்குக் கிரீடம் வச்சே டெஸ்ட் பண்ணேன். மொதல்ல வெயில்ல ஒன்னும் புடிக்கல, அதுக்கு வெயிலு ஆவாது. என் மஞ்ச துப்பட்டாவ எடுத்து கேமரா ஸ்டாண்டு மேல போத்தி நெழல் பண்ணேன். அவ்ளோதான், தோளு, முழங்கை, முட்டி எல்லாத்தையும் கப்புனு புடிச்சிடுச்சி. இன்னொன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது.

— சொல்லு.

— நைனா என்னப் பாத்து சிரிச்சாரு. போன வருஷத்துக்கு அப்பறம் எனக்கு மொகமே குடுக்கல அவரு. வீடியோ கால்ல பேசினா கூரையப் பாத்துக்கினு பேசுவாரு. கண்ணாடி வாங்கி அனுப்பினேன், ஒரு நாளு கூட போட்டுக்கல. அவ்ளோ கோவம். நேத்து ரெகார்டிங்கப் பாரு, நேரா என் மொகத்தப் பாத்து பல்லு தெரிய சிரிக்கறாரு. அழுதுட்டேன் ரமணா. அப்பவே முடிவு பண்ணேன், இதான் சென்சார்னு.

— சரி.

— அதனால ஞாயித்துக்கெழம நீ குழியில எறங்க வேணாம். சொக்கா மாட்டிக்கினு மொத வரிசையில உக்காந்து பாரு.

— நான் எறங்கலன்னா உங்க நைனா அடிக்க மாட்டாரு.

— நீ யாரு அவர அடிக்க வைக்க?

— அம்மன் மேல சத்தியம் வாங்கினாரு சங்கரி, உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுனு. சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவியாம். இன்னிக்கு ஒடைக்கறேன், அம்மன் என்ன இன்னா வேணா பண்ணிக்கட்டும். மூணு வருஷமா உள்ள இருந்து நான் தேங்கா ஓட்டால தட்டறேன். தட்டற எடத்துல அவரு அடிக்கறாரு. பாத்து அடிக்கல. காதால அடிக்கறாரு.

— ஏன்?

— சக்கர ரெண்டு கண்ணையும் துன்னுடுச்சி. கலரு தெரியும். நெழலாட்டம் உருவம் தெரியும். மொகம் தெரியாது. கிருஷ்ணன் கையப் புடிச்சிக்கினு வரது முட்டிக்காக இல்ல.

— போன வருஷம்...

— தட்டினேன். கை தோலு உரியற வரைக்கும் தட்டினேன். உன் எட்டு ஸ்பீக்கர்ல தேங்கா ஓடு எங்க கேக்கும்? தட்டறது காதுல விழாம எங்க அடிக்கறதுனு தெரியாம நின்னாரு. கண்ணு தெரியலனு ஊரு பேசறதுக்குப் பதிலா, நான் தூங்கிட்டேன்னு பேசிக்கினு போவட்டும்னு விட்டுட்டேன்.

— இல்ல. பொய் சொல்ற. நேத்து என்னப் பாத்தாரு. நேரா பாத்தாரு, சிரிச்சாரு. ரெகார்டிங் இருக்குது, காட்டட்டா?

— வேணாம், நானும் இங்கதான இருந்தேன். நீ அப்போ எங்க உக்காந்துக்கினு இருந்த?

— அதோ, அந்த வேப்பமரத்தடில, லேப்டாப்போட. ஏன்?

— உன் மஞ்ச துப்பட்டா ஸ்டாண்டு மேல இருந்துது சங்கரி. அதப் பாத்துதான் சிரிச்சாரு, நீ நிக்கறேன்னு.