முதல் கொத்து விழுந்த இடம்

— “காட்டை வென்ற மாவீரர். கரடிகளுக்குக் காலன். இந்தப் பள்ளத்தாக்கில் காலடி வைத்த முதல் மனிதர். இசாகு என்னும் அந்தப் பெருவிருட்சம், பிடித்த மண்வெட்டியை விடாமல், தான் திருத்திய மண்ணிலேயே சாய்ந்தது.” எப்படி இருக்கு, கினு அத்தை?

— யாரைப் பத்தி இது, ஷோசோ?

— என்ன இப்படிக் கேக்கிறீங்க. மாமாவைப் பத்திதான். கல்லுல வெட்டப் போறோம். நாப்பத்தொம்பதாம் நாள் சடங்கு அன்னிக்கே திறப்பு விழா.

— மண்வெட்டியோட எங்க சாஞ்சாரு? போர்வைக்குள்ள காலை நீட்டிக்கிட்டு ரேடியோவுல சுமோ கேட்டுக்கிட்டிருந்தாரு. இவரு ஆளு தோத்துட்டான். “சீ, இவனும் ஒரு ஆளா”ன்னாரு. நான் தேநீர் கொண்டாந்து வச்சேன். எடுக்கல.

— அதையா கல்லுல வெட்டறது? புத்த கோயில் சாமி நீங்க, நீங்களே சொல்லுங்க.

— நல்லது, நல்லது. சுமோவும் நம்ம பாரம்பரியந்தானே, ஊர்த் தலைவரே. அம்மா, இந்தப் படையல் கொழுக்கட்டையில அவரு பங்கு ஆறிப்போகுது...

— எடுத்துக்குங்க சாமி. அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஏன் ஷோசோ, கரடிக்குக் காலன்னு வேற எழுதியிருக்கே. கரடி வந்தன்னிக்கு இந்த மனுஷன் முள்ளங்கி ஊறப்போட்ட பீப்பாய்க்குள்ள குந்தியிருந்தாரு. ஒரு வாரம் உப்பு வாடை போகல.

— அதாவது, அத்தை, வரலாறுன்னா கொஞ்சம் நிமித்தித்தான் எழுதணும்.

— முதல் மனிதர்ங்கிறே. அப்ப இவருக்கு ஆத்தோரமா வழி காட்டிக் கூட்டியாந்த, இந்த மண்ணோட ஆதிக்குடி ஐனுக்காரரு யாரு? மரத்து மேல உக்காந்திருந்த ஆந்தையா?

— அவங்க... அது வேற கணக்கு, அத்தை.

— தலைமுறை தலைமுறையா இங்கயே குடியிருந்தவங்க. சால்மன் மீன் குடுத்து எங்களைக் காப்பாத்தினாங்க. சரி, வேற கணக்காவே இருக்கட்டும். கல்லை எங்க நடப் போறே? அதைச் சொல்லு.

— அதைச் சொல்லத்தான் சாமியையும் சாட்சிக்குக் கூட்டியாந்தேன். ஊர்ச்சபையில ஒரு மனசா முடிவு பண்ணியாச்சு. மாமா மண்வெட்டியோட முதல் கொத்து எங்க விழுந்துச்சோ, அங்கதான் கல்லு. அதாவது, உங்க சிவப்புப் பயறு வயல்ல, எல்ம் மரத்துக்குப் பக்கத்துல.

— பயறு வயல்லயா.

— கல்லு மட்டும் இல்ல. சுத்தி ஒரு பூங்கா. பள்ளிக்கூடப் பசங்க வரிசையா வந்து தலை வணங்க இடம் வேணுமே.

— எங்கிட்ட காஞ்ச நிலம் அது ஒண்ணுதான் ஷோசோ. மிச்சமெல்லாம் காலு வச்சா முழங்கால் வரை உள்ள இழுக்கும். அதையும் எடுத்துக்கிட்டா நான் எதை விதைக்கிறது?

— அத்தை, உங்க வயசுக்கு இனிமே விதைக்கணுமா? ஊர் பார்த்துக்கும்.

— ஊர் எனக்கு என்னைக்கு என்ன பார்த்துச்சு? வாத்தியார் வீட்டுத் தோட்டம் காலியாத்தானே கிடக்கு. அங்க வை.

— முடியாது. முதல் கொத்துன்னா முதல் கொத்துதான். யாரு நிலமா இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. நானே முன்மொழிஞ்சேன், பத்திரிகைக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன்.

— உன் நிலமா இருந்தாலும்?

— என் நிலமா இருந்தாலும். தியாகத்துல பெரியவன் சின்னவன் கிடையாது. நாளைக்குக் கல்லு வர்றப்ப அப்படியே பேசவும் போறேன்.

— சாமி, கேட்டுக்கிட்டீங்களா?

— கேட்டேன்மா. வாயில கொழுக்கட்டை இருந்தாலும் காது சும்மாதானே இருக்கு.

— சரி. அதுதான் இடம்னு உனக்கு யாரு சொன்னா?

— மாமாவே சொன்னது. புத்தாண்டுக்கு ரெண்டாவது கிண்ணம் சாராயம் உள்ள போனா இந்தக் கதைதானே. எல்ம் மரத்துல இரும்புக் கொக்கி அடிச்சு, சோத்துப் பானையை மாட்டிட்டு, திரும்பி நின்னு முதல் கொத்து கொத்தினேன்னு. ஊருக்கே மனப்பாடம். உங்க வயல்ல எல்ம் மரம் நிக்குது. வேற என்ன வேணும்?

— அந்த மரம் எங்க கடைசிப் பொண்ணு பொறந்தப்ப நான் நட்டது. அவளை விட அதுக்கு இடுப்பு சின்னது. கொக்கி எங்க இருக்கு அதுல?

— கொக்கி... துருப்பிடிச்சு விழுந்திருக்கும்.

— ஷோசோ, நீ பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. இவரு வந்து சேர்ந்தப்ப பனி இன்னும் கரையல. சர்க்கார் நிலத்தைப் பங்கு பிரிச்சு நம்பர் போட்டு நட்ட அளவுக் குச்சியெல்லாம் பனிக்குள்ள. மனுஷன் குத்துமதிப்பா எண்ணிக்கிட்டுப் போயி, அடுத்தவன் நிலத்துல இறங்கிட்டாரு. மரத்தை வெட்டி, வேரைப் பேத்து, கல்லைப் பொறுக்கி, ரெண்டு கோடை முழுக்க. நானும்தான். முதுகுல பிள்ளையைக் கட்டிக்கிட்டு.

— அடுத்தவன்னா?

— உங்கப்பா.

— எங்கப்பாவா? அத்தை, எங்கப்பாவும் மாமாவும் தோளோட தோள் நின்னு காட்டைத் திருத்தினவங்க. அதையும் கல்லுக்காக எழுதியிருக்கேன், ரெண்டாவது பத்தியில.

— உங்கப்பா தோள் மரத்துல பட்டதெல்லாம் சாஞ்சு உக்காரும்போதுதான். முதல் வசந்தத்துலயே வந்துட்டாரு. குச்சி நம்பரைப் பார்த்தாரு, விஷயம் புரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை பேசலையே. ஓரமா உக்காந்து புகை பிடிச்சாரு. “நல்லா உழைக்கிறீங்க”ன்னு நல்ல வார்த்தை வேற. கடைசி வேரு வெளிய வந்த அன்னிக்கு, ஒரு குடுவை சாராயத்தோட வந்து, ரொம்ப நன்றி, இது என் நிலம்னாரு.

— மாமா ஏன் இதை யார்கிட்டயும் சொல்லல?

— வெக்கந்தான். எண்ணத் தெரியாதவன்னு ஊர் சிரிக்கும்னு. சாராயத்தைக் குடிச்சிட்டு, பக்கத்துச் சதுப்புல மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. கொத்தினதைச் சொல்லுவாரு, எங்கன்னு சொல்ல மாட்டாரு.

— இதுக்கெல்லாம் என்ன அத்தை ஆதாரம்? நாளைக்குக் கல்லு வண்டியில வருது.

— உங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு கிழட்டு எல்ம் நிக்குதே. இலையுதிர்காலம் வந்தா உன் பொண்டாட்டி முள்ளங்கியை எதுல தொங்க விடுறா?

— அது... ஒரு கொக்கியில.

— யாரு அடிச்சது அது?

— தெரியாது. எனக்கு நினைவு தெரிஞ்சதுல இருந்து இருக்கு.

— நல்லது, நல்லது. நானும் பார்த்திருக்கேன் தலைவரே. பழைய கைவேலை. மரம் பாதிக் கொக்கியை முழுங்கியிருக்கு.

— சாமி, நீங்க சும்மா இருங்க. சரி அத்தை, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். பானையை மாட்டிட்டு எந்தப் பக்கம் திரும்பினாரு?

— இப்ப உங்க வேலி இருக்கிற பக்கம். மரத்துக்கும் வேலிக்கும் நட்ட நடுவுல. பிள்ளையோட நான் பக்கத்துலதான் நின்னேன்.

— மரத்துக்கும் வேலிக்கும் நடுவுலயா? அங்க ஒண்ணுமில்லையே.

— இருக்கு தலைவரே. உங்கப்பா திதிக்கு வந்தப்ப நான் போயிருக்கேன். அங்க இருக்கிறது உங்க வீட்டுக் கக்கூஸ்.