மாமாவின் ஜன்னலில் பனிப்பூ

குளிர்காலத்தில் படம் எடுக்கப் போகிறவன் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, கேமராவின் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது. வெளியே விட்டால் கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டுவிடும். நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அதுக்குக் காட்டற அக்கறைய எனக்குக் காட்டினா தேவலை என்று என் மனைவி கேலி செய்வாள்.

நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பதைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன், சார். கவனக்குறைவால் நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் என் வக்கீல். நல்ல மனிதர். ஆனால் அது சரியில்லை.

பிழைப்புக்கு நான் கண்ணாடி வெட்டுகிறேன். ஜன்னலுக்கு, கதவுக்கு, கடை முகப்புக்கு. கண்ணாடியைத் தாண்டித்தான் எல்லோரும் பார்ப்பார்கள், கண்ணாடியை யாரும் பார்க்க மாட்டார்கள். வெட்டுகிறவனும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, கேமரா ஒன்று வாங்கினேன். தண்ணீரெல்லாம் உறையும் இந்த ஊர்க் குளிர்காலத்தில் கடையில் வேலை குறைவு. பால்கனிக் கம்பியில் சோப்புக் குமிழிகளை ஊதி உட்கார வைத்து, அவை உறைவதைப் படம் எடுத்தேன். சோப்புத் தண்ணீரில் சர்க்கரைப் பாகு கலந்தால் குமிழி உடையாது. ஃப்ரீசரில் பூக்களை ஐஸ்கட்டிக்குள் உறைய வைத்து, பின்னால் விளக்கு வைத்து எடுத்தேன். ஒரு நாள் என் மனைவி ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு, "பூவெல்லாம் பத்திரமா இருக்கு, பட்டாணி எங்க போச்சு?" என்று கேட்டாள். அப்போது நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்றாவது ஆள் அவள் அப்பா. என் மாமனார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதால் எங்களோடு வந்து தங்கினார். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. வீட்டின் கடைசியில் மூன்று பக்கமும் வெளிச்சுவராக இருக்கும் சின்ன அறைதான் அவருக்கு. மற்ற ஜன்னல்களுக்கெல்லாம் குளிர் உள்ளே வராதபடி நானே இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தேன். அந்த அறையில் மட்டும் பழைய ஒற்றைக் கண்ணாடி. சரியான அளவு இன்னும் வரவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

சென்ற மாதம் அந்த அறை ஹீட்டர் ஒரு நாள் நிஜமாகவே பழுதானது. காலையில் மாமாவுக்கு டீ கொண்டுபோனேன். ஜன்னல் முழுக்க உள்பக்கம் பனி பூத்திருந்தது. இலை இலையாக, நரம்பு நரம்பாக, ஒரு காடு. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்து வந்தேன். டீ ஆறிப்போனதை மாமாதான் பிற்பாடு சொன்னார்.

அந்தப் படத்தை நான் போய்வரும் புகைப்படச் சங்கத்தில் மாட்டினார்கள். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அதுவரை என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பவர், அன்று தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுல எத்தனை வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். ஒன்றுதான் இருந்தது.

அதன் பிறகு நானாகத்தான் ஹீட்டரை அணைத்தேன். அவசரப்பட்டு அல்ல. முதலில் மாமாவை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, காலி அறையில் கெட்டிலைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக அப்பிக்கொண்டதே தவிர, இலை வரவில்லை. ஈரத் துண்டைக் காயப்போட்டும் பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை. மனித மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. அந்த நிதானத்தில்தான் நரம்பு ஓடுகிறது. மாமாவிடம் விவரத்தைச் சொல்லி, கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டேன். அவருக்குச் சந்தோஷம்தான்.

"என் மூச்சுக்கு இவ்வளவு மவுசா மாப்ள? அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல."

மனைவியிடம் ஹீட்டர் மக்கர் செய்கிறது என்று சொன்னோம். ஆமாம், சொன்னோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொல்லும்போது மாமா பக்கத்தில்தான் இருந்தார், மறுக்கவில்லை.

பிறகு அவள் தங்கைக்குப் பிரசவ நேரம் நெருங்க, இவள் வெளியூர் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அப்பாவுக்கு ஒன்னும் ஆகாம பாத்துக்கங்க. அந்த ஹீட்டர மொதல்ல சரி பண்ணுங்க" என்றாள். சரி என்றேன்.

அந்த வாரம் குளிர் கடுமையானது. நல்ல படங்கள் கிடைத்தன. ஒரு காலையில் மாமா, "மாப்ள, இன்னிக்கு ஒரு நாள் ஹீட்டரப் போட்டுடுங்களேன். எலும்புக்குள்ள எறங்குது" என்றார். இன்னும் ஒரே ஒரு நாள் மாமா என்று கெஞ்சினேன். நான் அதட்டியதாக எழுதாதீர்கள், கெஞ்சத்தான் செய்தேன். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "சரிங்க. உங்க வேலை கெட வேணாம்" என்றார்.

மாலையில் என் மனைவி போன் செய்வாள். நான்தான் போனை அவர் காதில் பிடிப்பேன். "எனக்கென்னம்மா, மாப்ள ராஜா மாதிரி வச்சிருக்கார்" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். வேண்டாம் என்று நினைத்திருந்தால் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகள் வீட்டில் அண்டியிருக்கிறவர் மருமகனுக்கு எதிரே வாயைத் திறப்பாரா, அது உனக்குத் தெரியாதா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும்.

போர்வைதான் பெரிய தொந்தரவு. குளிர் தாங்காமல் முகத்தோடு இழுத்துப் போர்த்திக்கொள்வார். மூச்சு கண்ணாடிக்குப் போகாது. அதனால் கனமான போர்வையை எடுத்துவிட்டேன். மார்பு வரை எட்டும் ஒன்றை மட்டும் விட்டு வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்திலிருந்து மலைக்குப் பயணம் போட்டார்கள். ஒரு இரவு தங்கல். உறைந்த ஏரி, பனி மூடிய மரங்கள். என்னையும் வரச்சொல்லி டாக்டரே போன் செய்தார். மாமாவுக்குப் பக்கத்தில் ரொட்டியும் பிளாஸ்க்கில் வெந்நீரும் வைத்தேன். ஹீட்டரைப் போடவில்லை. ஜன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத் திறப்பை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்தேன். வெளிக்குளிர் சீராக உள்ளே வந்தால் பனி மேல்வரைக்கும் ஏறும் என்று ஒரு கணக்கு. அவருடைய செல்போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. அதை மறதி என்று சொல்லிவிடலாம்தான். நான் மறக்கிற ஆள் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

பயணப் படங்களைப் பார்த்தீர்களா? ஒன்றும் தேறாது. ஏரியை எல்லோரும் ஒரே இடத்தில் நின்று எடுத்தோம். அன்று மாலை என் மனைவி போன் செய்தபோது நான் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். அப்பா தூங்குகிறார் என்றேன். எந்த மரத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவில் நின்றது.

மறுநாள் வெயில் சாயும் நேரத்துக்கு வீடு திரும்பினேன். கதவைத் திறந்தபோது ஜன்னல் மேல்விளிம்பு வரை பூத்திருந்தது. பின்னாலிருந்து சூரியன். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போவதில்லை. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்கு உருகி மறுபடி உறைந்திருந்தது. இடது கையால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, படம் கெட்டுப்போச்சே என்று. பிறகு கோணத்தை மாற்றிக்கொண்டேன்.

மாமாவின் கண் பாதி திறந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

என் மனைவி என்னிடம் கடைசியாகப் பேசியது சாவு வீட்டில். அப்பாவுக்கு உடுத்த நல்ல வேட்டி தேடி பீரோவை நகர்த்தியிருக்கிறாள். பின்னால் அந்த அறைக்கான இரட்டைக் கண்ணாடி, பிரிக்காத அட்டையோடு சாய்ந்திருந்தது. அளவும் அறையும் என் கையெழுத்திலேயே மேலே எழுதியிருந்தன. "இது எப்பலேந்து இங்க இருக்கு?" என்று கேட்டாள். போன வருஷத்திலிருந்து என்றேன். போன குளிர்காலத்திலேயே அந்த ஒற்றைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்ன இலை பூத்ததைப் பார்த்திருந்தேன். அவள் அழவில்லை. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

படங்களில் பதிவாகியிருக்கும் நேரத்தையும், ஆம்புலன்ஸுக்கு நான் பேசிய நேரத்தையும் ஒப்பிட்டு, நடுவில் என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். படம் எடுத்தேன். வெயில் போய்விடும், சார். உள்ளே நுழையும்போதே அவர் இறந்திருந்தார் என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். இல்லை. லென்ஸை நெருக்கமாக வைத்திருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் வாய்க்கு நேரே ஒரு இலையின் நுனி மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, விட்டு விட்டு. அது நிற்கும்வரை எடுத்தேன். நின்ற பிறகுதான் போனைத் தேடினேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கடைசிப் படத்தை மட்டும் என் மனைவியிடம் சேர்த்துவிடுங்கள். அவள் அப்பாவின் கடைசி மூச்சு அதில் இருக்கிறது, வேறு எந்த மருமகன் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பான் என்று கோபம் ஆறியதும் அவளுக்கே தோன்றும்.