கொழும்புக்குப் போட்ட பதில் தந்தி

இங்கிலீஷில் எனக்கு மிகவும் பிடித்த சொல் சீரியஸ்லி. இது என்ன பேச்சு என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஜமாஅத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, 'நாகூர் கனி, நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லு' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்திலிருந்து சொல்வதுதானே முறை. ஆரம்பம் அந்தச் சொல்தான்.

பசுமலையில் நான் படித்தபோது எங்கள் வாத்தியார் அந்தச் சொல்லைப் பிரம்போடு சேர்த்தே உபயோகிப்பார். பாடத்தை சீரியஸ்லி படி என்றால் மனம் ஒன்றிப் படி என்று அர்த்தம். முதுகில் ஒன்று விழுந்தால் அர்த்தம் இன்னும் தெளிவாகும். அப்புறம் வக்கீல் பஞ்சாபகேசய்யரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அவர் கோர்ட்டில் 'சீரியஸ்லி, யுவர் ஆனர்' என்று எடுத்தால் கேஸில் சத்து இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். வக்கீல்கள் கூடும் பார் ரூமில் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு 'நோ, சீரியஸ்லி' என்றாரானால், இதுவரை சொன்னது விளையாட்டு, இனிமேல் சொல்லப்போவதுதான் பொய். ஜட்ஜ் துரை புருவத்தைத் தூக்கி அதையே கேள்வியாகக் கேட்டால் நீ சொல்வதை நம்பமாட்டேன் என்று பொருள். ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்கள்.

ஆனால் தெற்குவாசலுக்கு இந்தப் பக்கம் அந்த அர்த்தமெல்லாம் செல்லாது. நம் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம், மௌத்து, சாவு. தந்தியில் யாரும் மௌத்து என்று எழுதமாட்டோம். கேட்கிறவர் நெஞ்சு தாங்காது, ரயிலேறி வருகிறவர் வழியிலேயே விழுந்துவிடுவார். அதனால் சீரியஸ் என்று அடித்துவிடுவோம். வாங்குகிறவரும் புரிந்துகொண்டு, அழ வேண்டியதை அழுதுவிட்டே கிளம்புவார். நல்ல பழக்கம். ஆனால் நான் உண்டாக்கியது அல்ல, அதை மட்டும் நீங்கள் மறந்துவிடக் கூடாது.

ஷேக் மதார் மாமு என் அம்மாவின் தம்பி. அவர் மகள் ஜெயினம்பு எனக்கு முறைப்பெண். அவளை எனக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே ஊர் என்னைக் கேலி பண்ணி வளர்த்தது. பிறகு பாதுஷா வந்தார். கொழும்பில் கைலிக் கடை, பட்டு ஜிப்பா, அத்தர் வாசனை. மாமு அவருக்குக் கொடுத்துவிட்டார். நான் வருத்தப்படவில்லை. நிக்காஹ் அன்றைக்குப் பிரியாணிச் சட்டி பக்கத்தில் நின்று பரிமாறியதே நான்தான், நீங்களும் சாப்பிட்டீர்கள்.

பாதுஷா நல்ல மனிதர். வாய் நிறைய மச்சான் என்பார். ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்கென்று ஒரு சோப்புப் பெட்டி கொண்டுவருவார். 'நான் இல்லாதப்ப வீட்ட ஒரு எட்டு பாத்துக்கங்க மச்சான்' என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறுவார். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆ முடிந்து மாமு வீட்டுக்குப் போவேன். ஜெயினம்பு கதவு மறைவிலிருந்து தேத்தண்ணி நீட்டுவாள். எனக்கு வாரத்தில் அந்த ஒரு கிளாஸ் தேத்தண்ணிதான் இனித்தது. ஒளிவுமறைவு வேண்டாம் என்றீர்களே, அதனால் சொல்கிறேன்.

சக்கரவர்த்தியின் வெள்ளி விழாவுக்குக் கடைத்தெருவெல்லாம் கொடி கட்டியிருந்த சமயம். ஒரு முற்பகலில் தந்திச் சேவகன் சோணை என்னை வழியிலேயே பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, கொழும்புத் தந்திண்ணே. ஒங்க மாமா வீட்டுக்குத்தான். நீங்களும் கூட வாங்க, எனக்குக் காலு நகர மாட்டேங்குது."

உறையைப் பார்த்ததுமே ஷரீபா மாமி தலையில் கைவைத்துவிட்டாள். தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன், பிரித்துப் படித்தேன். 'பாதுஷா சீரியஸ்லி இல்' என்றிருந்தது, அகராதிப்படி கடும் சுகவீனம். இருந்ததைத்தான் படித்தேன், ஒரு எழுத்துக் கூட்டவில்லை. அதற்குமேல் ஆஸ்பத்திரியின் பெயரும் வார்டு நம்பரும் இருந்தன. யாராவது உடனே வரவும் என்றும் இருந்தது. அதைப் படிப்பதற்குள் மாமியின் ஓலம் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தில் மீதியை யாருக்குப் படிப்பது?

மாமு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெசத்தச் சொல்லு நாகூரு. சீரியஸ்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? போயிட்டாருதானே?"

எனக்கு அன்றைக்கு நல்ல சளி. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். மாமு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மௌத்தானவருக்கு வார்டு எதற்கு என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கேயும் இல்லையே.

கொழும்பு ஒன்றும் லண்டன் அல்ல. அன்றைக்கே ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறினால் மறுநாள் அவர் கட்டிலருகே நிற்கலாம். ஆனால் நம்மில் மௌத்தான அன்றைக்கே அடக்கம். போனால் கபரைத்தான் பார்க்கலாம் என்று பெரியவர்கள் பேசி, பயணத்தைக் கைவிட்டீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அதைச் சொன்னவர்கள். நான் பந்தல்காரனைக் கூப்பிடப் போயிருந்தேன்.

ஜெயினம்பு மட்டும் கேட்டாள். "மூஞ்சியாவது பாக்க முடியாதா மச்சான்? நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்."

"போயி என்னம்மா செய்ய? இந்நேரம் அடக்கம் முடிஞ்சிருக்கும்" என்றேன். வாயால் நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவள் கருகமணியைக் கழற்றிவைத்துவிட்டு, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இருக்கவேண்டிய இத்தா இருக்க உள்ளறைக்குப் போனாள். அவள் அழுகை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இளகிய மனசு.

இத்தா முடிந்து வெளியே வந்ததும் மாமுவே என்னிடம் பேச்சை எடுத்தார். வயசுப் பெண், துணை வேண்டாமா என்றார். மரியாதைக்கு ஒரு தடவை மறுத்தேன். அப்புறம் நிக்காஹ் நடந்தது. இந்தப் பள்ளிவாசலில்தான், உங்கள் துஆவோடுதான். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கதவு மறைவிலிருந்தேதான் தேத்தண்ணி நீட்டினாள். போகப்போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

போன வாரம் அப்துல் வஹீது வந்தார். பாதுஷாவின் கடைப் பங்காளி, தந்தி அடித்தவர். பள்ளி வாசலில் நின்று உங்கள் எல்லோரையும் வாயில் வந்தபடி ஏசினார். அந்தத் தந்திக்குப் பிறகும் பாதுஷா ஒரு மாதத்துக்குமேல் உயிரோடு இருந்தாராம். விஷக்காய்ச்சல். யாராவது வருவார்கள் என்று வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். வஹீதுக்கு ஒரே கோபம். இப்பேர்ப்பட்ட வீட்டுக்குக் கடுதாசி வேறு ஒரு கேடா என்று மௌத்துச் செய்தியைக்கூட எழுதவில்லையாம். கடையை விற்றுவிட்டு, பாதுஷாவின் பெட்டியை ஒப்படைக்க நேரில் வந்திருக்கிறார்.

காஜியார் யோசித்துப் பார்த்தார். இத்தாவை உண்மையில் மௌத்தான நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், அது முடிவதற்குள் ஓதிய நிக்காஹ் செல்லாது என்றார். எனக்கு ஆட்சேபணை இல்லை, மறுபடி ஓதிக்கொள்ளலாம். நீங்களும் பெருந்தன்மையாகத்தான் பேசினீர்கள். 'தந்தி நம்ம எல்லாரையும்ல ஏமாத்திருச்சு, நாகூரு மட்டும் என்ன செய்வான்' என்றீர்கள். அதோடு முடிந்திருக்கும்.

"சரி, பதிலுக்கு ஒரு தந்தி போட்டீகளே, அத எந்தப் பாவி எழுதுனது?" என்று வஹீது கேட்டதில்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

மாமு திகைத்துப் போனார். "எப்புடி முடிஞ்சுச்சுன்னு வெவரம் கேட்டுத்தானடா போடச் சொன்னேன்" என்று என்னைப் பார்த்தார். உண்மைதான். அன்றைக்குச் சாயங்காலம் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தபாலாபீசுக்கு அனுப்பினார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வருமே. அதனால் வாசகத்தைச் சற்று மாற்றினேன். 'நாங்கள் வர இயலாது. அங்கேயே அடக்கம் செய்துவிடவும்.' கீழே மாமு பெயர்.

யோசித்துப் பாருங்கள். பாதுஷா மௌத்தாகியிருந்தால் அதில் ஒரு தப்பும் கிடையாது, இதமான தந்தி. அவர் உயிரோடு இருந்ததுதான் சங்கடம். அவர் கைக்கே அது போகும் என்று தெரியுமா என்று காஜியார் கேட்கிறார். தெரியும். வார்டு நம்பரை முகவரியில் நான்தானே எழுதினேன்.

பாதுஷா அந்தத் தந்தியை டாக்டரை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். அன்றைக்குக் காலையில்தான் காய்ச்சல் இறங்கி, துணைக்கு ஆள் வந்தால் ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தந்திக்குப் பிறகு மருந்தே வேண்டாம், கஞ்சியும் அரை வாய்தான் என்று கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டார். இதைக் கேட்டதிலிருந்து ஜெயினம்பு மாமு வீட்டு உள்ளறையில் தாழ்போட்டுக்கொண்டிருக்கிறாள். கோபம் ஆறினால் வந்துவிடுவாள்.

பாதுஷா கடைசியாகச் சொன்னதையும் வஹீதே அழுதுகொண்டு சொன்னார், நீங்களும் கேட்டீர்கள். "மாமு ஏதோ கோவத்துல எழுதிட்டாக. நாகூர் மச்சானுக்குத் தெரிஞ்சா எழுத விட்டிருக்க மாட்டாக. ஜெயினம்ப மச்சான் கையில ஒப்படைச்சிருங்க. அவுக பாத்துக்குவாக."

அவர் கேட்டுக்கொண்டதைத்தான் பெரியவர்களே, நான் செய்திருக்கிறேன். அவர் கேட்பதற்குச் சற்று முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன், அவ்வளவுதான்.